பேத்தை மீனுக்கு வைத்த விரதம்

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க மாலை போட்டிருந்தேன். வீட்டில் கவிச்சி கூடாதென்று, கண்ணாடித் தொட்டியில் வளர்க்கப் புதிதாக வாங்கிய பேத்தை மீனுக்கும் நத்தையை நிறுத்திவிட்டு உருண்டைத் தீனி போட்டேன். ஒரு மாதத்தில் அதன் பல் நீண்டு, வாயை அடைக்கத் தொடங்கியது. தீனியைத் தொடவில்லை.

மீன் கடைக்காரரைப் போனில் கேட்டேன்.

"நத்தை ஓட்டைக் கடிச்சாத்தாங்க பல்லு தேயும். இல்லன்னா வளந்துகினே போவும்."

நான் தயங்கினேன். என் மனைவி கழனிக்குப் போய்க் குட்டி நத்தைகளைப் பொறுக்கி வந்தாள்.

"மாலை நீங்கதானே பாவா போட்டுகினு இருக்கீங்க? மீனா போட்டுச்சு?"

மீன் இரண்டு முறை கடித்துத் துப்பியது. மூன்றாம் முறை ஓடு நொறுங்கியது.

காவடியோடு மலைப்படி ஏறியபோது முருகனிடம் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பாதி விரதம் அந்த மீன்தான் இருந்தது என்று மட்டும் சொன்னேன்.