போதிய வெளிச்சத்தில் தேடிய பழுது

என் மனைவிக்குக் குரல்வளையில் அறுவை சிகிச்சை நடந்தது. மறு உத்தரவு வரும்வரை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று சொல்லி டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். பெங்களூர் மல்லேஸ்வரம் பூங்காவில் என்னோடு நடக்கும் நண்பர்கள் கைகுலுக்கி வாழ்த்தினார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

எங்கள் வீட்டில் படுக்கையறை மாடியில், சமையலறை கீழே. ஒரு நாள் காலை நான் மிக்ஸியில் சட்னி அரைத்து முடித்து மேலே போனால், அவள் கட்டிலின் ஓரத்தைப் பிடித்தபடி குனிந்து இருமிக்கொண்டிருந்தாள். குடித்த தண்ணீர் புரையேறியிருந்தது. கண்ணெல்லாம் நீர். எத்தனை நேரமாக அப்படி இருந்தாளோ, எனக்குத் தெரியவில்லை. அவள் கூப்பிட வழியே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

புனேயிலிருந்து மகள் போனில் சொன்னாள்: "அப்பா, அம்மா ஒரு மிஸ்டு கால் குடுத்தா போதுமே."

"என் போன் எங்க இருக்குன்னு அம்மாதானே சொல்லணும்?"

"அப்ப ஆன்லைன்ல காலிங் பெல் வாங்குங்க. நாளைக்கே வந்துடும்."

"அதுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

தொலைத்தொடர்புக் கருவிகளைப் பரிசோதிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பழுது பார்க்கும் நடைமுறையை எழுதிக் கொடுத்ததே நான்தான். அப்படிப்பட்டவன் காலிங் பெல்லைக் கடையில் வாங்குவதாவது! எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டில் ஒரு சின்ன ரேடியோ டிரான்ஸ்மிட்டர், ஒரு ரிசீவர், இரண்டு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு வாங்கி வந்தேன். அவள் கட்டிலருகே பேட்டரியில் ஓடும் பொத்தானை அழுத்தினால் சமையலறையில் பஸ்ஸர் அலற வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

இரண்டையும் மேஜை மேல் அருகருகே வைத்தபோது அருமையாக அலறியது. சமையலறைக்குக் கொண்டுபோனதும் ஊமையாகிவிட்டது.

நான் பதறவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பது நானே எழுதிய விதி. மின்னழுத்தம் அளந்தேன், சரி. சுவர் சார்ஜரில் இரைச்சல் வரும் என்று ரிசீவரைப் பவர் பாங்குக்கு மாற்றினேன். அலைநீளத்தில் கால் பங்குக்கு ஆன்டெனாக் கம்பியை வெட்டிப் பற்றவைத்தேன். புரோகிராமில் சிக்னல் அனுப்பும் வேகத்தைக் குறைத்தேன். எதற்கும் மசியவில்லை. கடைக்காரரிடம் போனால், "பீஸ் சென்னாகிதே சார்" என்று, பொருள் நன்றாகவே இருப்பதாகக் கன்னடத்தில் நற்சான்று கொடுத்து, வேறொரு ஜோடியையும் என் தலையில் கட்டினார்.

ஒவ்வொரு சோதனைக்கும் நான் கீழிருந்து "அழுத்து!" என்று கத்துவேன். அழுத்தியதற்கு அடையாளமாக அவள் டம்ளரால் கட்டிலைத் தட்டுவாள். டம்ளர் சத்தம் தெளிவாகக் கேட்கும். பஸ்ஸர் மட்டும் கேட்காது. இதைச் சொன்னதும் மகள், "அப்ப டம்ளரே போதுமேப்பா" என்று சிரித்தாள். மிக்ஸி ஓடும்போது டம்ளர் கேட்காது, இருமுகிறவளால் தட்டவும் முடியாது என்று விளக்கினேன். மகள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

ஒரு சாயங்காலம் மழை பிடித்துக் கரண்ட் போயிற்று. இருட்டில் தீப்பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தேன். சட்டென்று சமையலறை மூலையில் பஸ்ஸர் அலறியது. விடாமல் அலறியது. ஒரு கணம் அது என்ன சத்தம் என்றே புரியவில்லை. பிறகு படிகளில் ஓடினேன்.

மறுபடியும் புரையேறியிருந்தது. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். இத்தனை நாள் ஒருமுறைகூட வேலை செய்யாத பொத்தான் அது. அவளை முன்னால் சாய்த்துப் பிடித்தேன். இருமல் மெல்ல அடங்கியது. மூச்சு சீரானதும் பொத்தானைக் காட்டி, என் பக்கம் விரலை நீட்டி, புருவத்தை உயர்த்தினாள். 'சரி பண்ணிட்டீங்களா?' ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். தெரியவில்லை என்று கைவிரித்தேன்.

கரண்ட் வந்ததும் கீழே போய் "அழுத்து!" என்றேன்; பஸ்ஸர் பழையபடி ஊமை. அப்போதுதான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். ரிசீவருக்கு நேர் மேலே எல்.இ.டி. டியூப் லைட். அவளை அழுத்தியபடியே இருக்கச் சொல்லிப் பார்த்தேன்: அதை அணைத்தால் பஸ்ஸர் அலறுகிறது, போட்டால் அடங்குகிறது. விளக்குக்குள் இருக்கும் மலிவான சர்க்யூட் கக்கும் இரைச்சலில் பாவம், ரிசீவருக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. மேஜையில் டிரான்ஸ்மிட்டர் காதருகே கத்தியதால் கேட்டிருக்கிறது.

'சோதனையைப் போதிய வெளிச்சத்தில் மட்டுமே செய்க.' என் நடைமுறையின் முதல் வரி. பகலிலும் இருண்டு கிடக்கும் அந்தச் சமையலறையில், ஒவ்வொரு தடவையும் விதிப்படி விளக்கைப் போட்டுவிட்டுத்தான் பழுதைத் தேடினேன். மின்வெட்டைத் திட்டி எத்தனையோ புகார் எழுதியவன், அன்று இன்னாருக்கு என்று தெரியாமலே கைகூப்பினேன்.

ரிசீவரை விளக்கிலிருந்து தள்ளிக் கதவுக்கு மேலே மாட்டினேன். அதன்பின் மிக்ஸி ஓடினாலும், குக்கர் கூவினாலும் பஸ்ஸர் தவறவில்லை. புரையேறினால் அடித்தாள். தலையணை நழுவினால் அடித்தாள். உப்புமாவில் உப்பில்லை என்பதற்கும் அடித்தாள். முனகிக்கொண்டே படியேறினேன். ஆனால் அடிக்காமல் நெடுநேரம் இருந்தால், நானாகவே போய் எட்டிப் பார்த்தேன்.

டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு குரல் கரகரப்பாகத் திரும்பியது. மகள் வீடியோ காலில் கேட்டாள்: "இனிமே அந்தப் பெல்லைக் கழட்டிடலாமாம்மா?"

"வேண்டாம், இருக்கட்டும்டி. பேர் சொல்லாம 'என்னங்க'ன்னு கூப்பிட்டா உங்கப்பா உக்காந்த இடத்துலேந்தே 'என்ன'ம்பார். பெல் அடிச்சா எழுந்து வரார்."

அந்தக் குரலில் என்னைப் பற்றிய குறையைக் கேட்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது.