நான்கு சொட்டு எண்ணெய்

தையல் மெஷின் மெக்கானிக்கைத் தெருவே எண்ணெய் அண்ணன் என்றுதான் கூப்பிடும். கண்ணில் படுகிற இரும்புக்கெல்லாம் இரண்டு சொட்டு விடாவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. பூட்டு, குடை, பக்கத்து வீட்டு கேட் எதையும் விட்டுவைத்ததில்லை.

அவர் மனைவி பள்ளி நூலகர். அதிர்ந்து பேசாதவர், ஏர் ரைஃபிளை எடுத்தால் மட்டும் ஆளே வேறு. துப்பாக்கி சுடும் சங்கத்து அணியில் மூன்று வருடமாக மயிரிழையில் இடம் தவறியது. அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தேர்வு.

"இது ஸ்பிரிங் துப்பாக்கி. சுடும்போது முன்னயும் பின்னயும் உதைக்குது. மேல இருக்கிற குறிபார்க்கிற தொலைநோக்கியை ரெண்டு வளையம் மட்டும் தாங்காது. நீளமா ஒரே துண்டுப் பிடி வாங்கியிருக்கேன்," என்றார் அண்ணன். திருகுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். பிடி நிற்கிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடும் போட்டார். "இனி யானை இழுத்தாலும் அசையாது!"

தேர்வுக்கு முந்தைய பயிற்சியில் ஐந்து குண்டும் அட்டையில் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறிப் போயின. அண்ணன் குனிந்து பென்சில் கோட்டைப் பார்த்தார். பிடி ஒரு அரிசி அளவு நகர்ந்திருந்தது.

"கடைக்காரன் மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டான்," என்றார் பயிற்சியாளர்.

தலையாட்டியிருந்தால் மானம் தப்பியிருக்கும். அண்ணன் பிடியைக் கழற்றி, அது உட்கார்ந்திருந்த பள்ளத்தில் விரலை ஓட்டினார். விரல் பளபளத்தது.

"கடைக்காரன் மேல தப்பில்லைங்க. துரு ஏறக்கூடாதுன்னு நான்தான் ரெண்டு சொட்டு விட்டேன்."

"ரெண்டா?" என்றார் மனைவி.

"நாலு."

மனைவிக்குச் சிரிப்பு பீறிட்டது. முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட்டை எடுத்துக் கொடுத்தார். அண்ணன் பள்ளத்தையும் பிடியையும் மூன்று தடவை துடைத்துக் காயவிட்டு மறுபடி முறுக்கினார். குறியைச் சரிபார்க்க ஐந்து குண்டு செலவானது. கோடு அசையவில்லை.

தேர்வில் சுட்ட பத்துத் துளைகளையும் ஒரு நாணயத்தால் மூடிவிடலாம். அணிப் பட்டியலில் மனைவி பெயர் மூன்றாவதாக இருந்தது. அதை அண்ணன் நான்கு தடவை சத்தம்போட்டு வாசித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பென்சிலை எடுத்தார். எண்ணெய்க் குப்பியில் எண்ணெய் நிற்கிற மட்டத்தில் ஒரு கோடு கிழித்து, அவர் கையிலேயே கொடுத்தார்.

"போட்டி முடியறவரைக்கும் இந்தக் கோடும் அசையக்கூடாதுங்க."