மூடு வண்டி பார்க்க வில்லிபுத்தூர் போய்வந்த விவரம்

புது மோட்டார் வாங்குவதா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாக ஒரே பேச்சு. வீடு என்றால் ராஜபாளையத்தில் நான் ஒருத்திதான். மகன் ரங்கூனில் அரிசி வியாபாரம் பார்க்கிறான். அதனால் பேச்செல்லாம் தபாலில் நடந்தது. "பாப்பாவுக்கு இளைப்பு இருக்கிறது. நம்முடைய திறந்த வண்டியில் புழுதி குடித்தால் தாங்கமாட்டாள். மூடு வண்டி வாங்குங்கள், கோடைக்கு எல்லோரும் வருகிறோம்" என்பது அவன் கட்சி. ரயில் ஸ்டேஷன் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. வீட்டுக்கு ஒரு மைல்கூட இல்லை. இருந்தாலும் பெற்றவன் சொல்கிறான், சரியாகத்தான் இருக்கும்.

பாப்பா என் பேத்தி. ஆறாம் வகுப்பு, பள்ளியிலேயே முதல் மார்க். நான் ஐந்தோடு நின்றவள், என்னைத் தாண்டிவிட்டாள். கடைசியாக நான் பார்த்தபோது சுவரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

சென்ற தை மாதம், மதுரை ஏஜெண்ட் ஒருவர் இரண்டு புது வண்டிகளை வில்லிபுத்தூரில் கொண்டுவந்து நிறுத்தியிருப்பதாகவும், பிரியப்பட்டவர்கள் ஏறிப் பார்க்கலாம் என்றும் கேள்விப்பட்டேன். வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் புறப்பட்டேன். ஆண்டாளையும் சேவித்துவிடலாம்.

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். வண்டி ஓட்டுவது யேசுவடியான். போன ஜெர்மன் சண்டையில் பட்டாளத்தோடு பஸ்ராவுக்குப் போய் லாரி ஓட்டியவன். எங்கள் பழைய வண்டி பதினைந்து வருஷத்துக்கு முன் இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கியது. கித்தான் கூரை, முன்னால் இரண்டு பெரிய விளக்கு, பக்கத்தில் ஓர் ஆள் தாராளமாக நிற்கிற புட்போர்டு. ராஜபாளையத்திலிருந்து வில்லிபுத்தூர் ஏழு மைல், கப்பி ரோடு. வெறும் ஆளாகப் போனால் அரை மணி. ஆனால் இந்த வண்டியில் வெறும் ஆளாக நான் ஒரு நாளும் போனதில்லை.

அன்றைக்கும் அப்படித்தான். இரண்டு மைல் தாண்டுவதற்குள் ஒரு பெண்பிள்ளை கை காட்டினாள்.

"ஆச்சி, வில்லிபுத்தூர் வரைக்கும் எறக்கி விடுங்க. பொறவு கான்சாபுரத்துக்கு நடந்துக்கிடுவேன்."

"அம்புட்டு தூரமா நடப்ப? ஏறுட்டி."

ஏறியவள் கூடையில் பாதியை என் மடியில் வைத்துக்கொண்டு, மாமியார் சங்கதி முழுவதையும் ஊர் எல்லை வருவதற்குள் சொல்லி முடித்தாள். யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்வதற்குள் கடைத்தெருவில் இறங்கிக்கொண்டாள்.

புது வண்டிகள் நின்ற இடத்துக்குப் போனோம். ஏஜெண்ட் தொப்பியைக் கழற்றி, "ஐயா வரலையாம்மா?" என்று கேட்டார்.

"ஐயா போயிப் பதினாலு வருஷமாச்சு. வெலையச் சொல்லுங்க" என்றேன்.

வாங்க நினைக்கிறவர்களுக்காக விவரமாகவே எழுதுகிறேன். ஒன்று சீமை வண்டி. விலை 2,650. சின்னது, பின்னால் இரண்டு பேர் முழங்காலை மடக்கி உட்காரலாம். கேலனுக்கு முப்பது மைல் என்றார். விற்கிறவர் சொல்வதில் கால் பங்கைத் தள்ளிவிடுவது என் வழக்கம். மற்றது அமெரிக்க வண்டி. 3,900. முகம் சாய்ந்து, முதுகு உருண்டு, எண்ணெய் தடவிய கத்தரிக்காய் மாதிரி இருந்தது. விளக்குகள் தனியே விழித்துக்கொண்டு நிற்காமல் மட்கார்டுக்குள் பதிந்திருந்தன. ஸ்டெப்னி பின்னால் பெட்டிக்குள் போய்விட்டது. புட்போர்டு ஒரு சாண்கூட இல்லை. எல்லாம் காற்றை வெட்டிக்கொண்டு போவதற்காம்.

"எங்க ரோட்டில காத்தாய்யா வழிமறிக்கி? மாட்டு வண்டியில்லா மறிக்கி!" என்றான் யேசுவடியான்.

என் அபிப்பிராயமும் அதுதான். விலை ஏறியிருக்கிறது, தகரம் இளைத்திருக்கிறது. கதவைத் தட்டிப் பார்த்தேன். பழைய வண்டிக் கதவு பித்தளைக் குடம்போல் ஒலிக்கும், இது டப்பா. ஆனால் மெத்தை பஞ்சாக இருந்தது. வக்கீல்களும் டாக்டர்களும் இப்போது இதைத்தான் கேட்கிறார்களாம். திறந்த வண்டியைத் தேடுகிறவர்களே இல்லையாம்.

அமெரிக்க வண்டியில் ஏறினேன். யேசுவடியானே ஓட்டினான், ஏஜெண்ட் அவன் பக்கத்தில். கண்ணாடியெல்லாம் ஏற்றச் சொன்னேன். மடவார்வளாகம் தாண்டி, ஒரு பஸ்ஸின் பின்னாலேயே அது கிளப்பிய புழுதிக்குள் வேண்டுமென்றே போகச் சொன்னேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது என் வெள்ளைச் சேலையை உதறிப் பார்த்தேன். ஒரு பொட்டுத் தூசி இல்லை. பாப்பா தாராளமாக வரலாம்.

ஆனால் உள்ளே அப்படி ஒரு நிசப்தம். முன்னால் பதித்திருந்த கடிகாரம் ஓடுவது கேட்டது. கடைத்தெருவில் அந்தக் கான்சாபுரத்துப் பெண் இன்னும் ஏதோ வாங்கிக்கொண்டு நின்றாள். நான் கை ஆட்டினேன். அவள் யாரோ ஆபீஸர் வருகிறார் என்று தலைப்பை இழுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கினாள். சற்று முன் என் மடியில் கூடை வைத்தவள்.

சன்னதித் தெரு முனையில் பூ விற்கும் ரெங்கம்மாவுக்கும் எங்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை யேசுவடியான் அங்கே வேகத்தைக் குறைப்பான். அவள் உட்கார்ந்தபடியே ஆண்டாளுக்குக் கட்டிய மாலையை இலைப் பொட்டலமாக வீசுவாள். அது என் மடியில் விழும். நான் காசை வீசுவேன். வண்டி நிற்காது. அன்றும் அவன் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தான். அவளும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வீசினாள். பொட்டலம் கண்ணாடியில் மடாரென்று மோதிக் கீழே விழுந்தது. பின் சக்கரம் ஏறிவிட்டது.

ரெங்கம்மா ஓடிவந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள். என்னவோ சொன்னாள், வாய் அசைந்ததே தவிர எனக்குக் கேட்கவில்லை. இறக்குகிற கைப்பிடி எது என்று எனக்குத் தெரியவில்லை. யேசுவடியான் இறங்கி வந்து கதவைத் திறந்து காட்டினான்.

"அடி ஆத்தீ, ஆச்சியா உள்ள! ஒங்களை எவன் அலமாரியில வச்சுப் பூட்டுனான்?"

"கண்ணாடி இருக்கது தெரியலையாட்டி ஒனக்கு?"

"அண்ணாச்சி மூஞ்சி தெரிஞ்சுச்சு, எறிஞ்சேன். இந்த வண்டிதான்னா சொல்லிருங்க, இனிமே பூவைத் தபால்ல போடுதேன்."

ஏஜெண்ட் கண்ணாடியைத் துடைத்து, "பார்த்தீங்களாம்மா, ஒரு கீறல் உண்டா?" என்றார் சந்தோஷமாக.

வேறு மாலை வாங்கி ஆண்டாளைச் சேவித்தேன். பாப்பா வரவேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. வெளியே வந்து யேசுவடியானைக் கேட்டேன்.

"என்னலே சொல்லுத?"

"ஓட்ட சொகமாத்தான் இருக்கு ஆச்சி. பஸ்ராவில கர்னல் தொரைக்குக்கூட இப்பிடிக் கெடையாது. ஆனா பின்னால நீங்க இருக்கியளா இல்லையான்னே தெரியல. நாலு தடவ திரும்பிப் பாத்தேன்."

சீமையில் மறுபடி சண்டை வரும்போல் இருக்கிறது, வந்தால் வண்டியும் வராது, பெட்ரோலும் வராது என்றார் ஏஜெண்ட். அதற்காக நான் வாங்கவில்லை. சுத்தமான சேலையைப் பார்த்துக்கொண்டே சரி என்று சொன்னேன். பழைய வண்டியை நானூறுக்கு எடுத்துக்கொண்டார். நாற்பது ரூபாய் தள்ளுங்கள் என்றேன், இருபது தள்ளினார். எட்டாம் நாள் புது வண்டி வீட்டு வாசலுக்கு வந்தது. பழையதை அவருடைய ஆள் ஓட்டிப்போனான். தெருத் திரும்புவதற்குள் எவனோ புட்போர்டில் தொற்றிக்கொண்டதைப் பார்த்தேன்.

அன்றே ரங்கூனுக்கு எழுதிப்போட்டேன். சித்திரையில் பதில் வந்தது. மிகவும் சந்தோஷம், இந்த வருஷம் பாப்பாவுக்குப் பாட்டு வகுப்பு இருக்கிறது, அடுத்த கோடைக்குப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தான். பாட்டுப் படிக்கிற அளவுக்கு மூச்சு இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

இப்போது வெள்ளிதோறும் புது வண்டியில் வில்லிபுத்தூர் போகிறேன். இருபத்தைந்து நிமிஷம். மலைப்பக்கம் இருக்கிற கண்ணாடியையும் எதிர்ப்பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கி வைத்துத்தான் போகிறேன். புழுதி முன்போலவே வருகிறது. ஆனால் கை காட்டுகிறவர்கள் வரவில்லை. நிறுத்தி, "வாறியளா?" என்று நானே கேட்டாலும், மெத்தையைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும் ஆச்சி, காலெல்லாம் புழுதி" என்கிறார்கள்.

வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இது. காலையிலேயே போங்கள், பத்து மணிக்கு மேல் கோர்ட்டு ஆட்கள் சூழ்ந்துகொள்வார்கள், விலை பேச முடியாது. உங்கள் டிரைவரையே ஓட்டச் சொல்லுங்கள். கதவைத் தட்டிப் பாருங்கள். கண்ணாடிக் கைப்பிடி எது என்று புறப்படுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக, வண்டியை யாருக்காக வாங்குகிறீர்களோ அவர்களைப் பின் ஸீட்டில் உட்காரவைத்துப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள். நான் அவ்வளவு பெரிய ஸீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்து வாங்கினேன்.