சம்பந்தி கொண்டுவந்த துப்பாக்கி

துப்பாக்கியை அழகு என்று எவனாவது சொன்னால் வுகோசவாவுக்குக் குமட்டிக்கொண்டு வரும். பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே வாயில் எச்சில் ஊறி, முற்றத்து ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வருவாள். செர்பியாவில், பாதி ஊர் ஆயுதத் தொழிற்சாலைச் சம்பளத்தில் வளர்ந்த இடத்தில், இப்படி ஒருத்தி இருந்தால் என்ன பாடுபடுவாள்! அதிலும் அவள் இருபத்தாறு வருஷம் அந்தத் தொழிற்சாலையின் சோதனை அறையில் உட்கார்ந்து, பெட்டி பெட்டியாக வந்த கைத்துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்தவள். இடது காது அங்கேயே போயிற்று. நகக்கண்ணில் ஏறிய கரி, வேலையை விட்டு ஒரு வருஷம் கழித்துத்தான் இறங்கியது.

வெறுப்பவளைத் தேடித்தான் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் போதும், துணியில் சுற்றியதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் வாசலில் நிற்பான். காபியைக் குடித்துவிட்டு, "எப்படி இருக்கு, சொல்லுக்கா" என்பான். அவளும் சொல்வாள்.

முடிவெட்டும் த்ராகிஷா கைக்குள் அடங்குகிற சின்னது ஒன்றைக் காட்டி, "என்ன நளினம் பாருக்கா" என்றான்.

"நளினமா? சுடும்போது மேல்தகடு பின்னால வந்து உன் கையைக் கிழிச்சுதே, அந்தத் தழும்பையும் சேர்த்துக் காட்டு. கடிக்கிற நாய்க்கு ரிப்பன் கட்டின மாதிரி இருக்கு."

பெரிய அமெரிக்கத் துப்பாக்கி வாங்கியவனிடம், "இடுப்புல சொருகினா கால்சட்டை முழங்காலுக்கு வந்துரும். அதைப் புடிச்சுக்கவே ஒரு கை வேணும்" என்றாள். தன் கையால் ஆயிரக்கணக்கில் சோதித்தனுப்பிய சொந்த ஊர்ச் சரக்கையும் விடவில்லை. "மூஞ்சி சகிக்காது. செங்கல்லுக்குக் கைப்பிடி வெச்ச மாதிரி. ஆனா சேத்துல போட்டு எடுத்தாலும் வெடிக்கும். அதான் அதோட லட்சணம், அதான் அது செஞ்ச பாவமும்."

அவள் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் ஊருக்கே தெரியும். மகள் நெவெனா பிறந்த அன்று, புருஷன் ஜிவான் சந்தோஷம் தாங்காமல் வீட்டு முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துச் சுட்டான். பிள்ளை பிறந்தால் சுடுவது எங்கள் வழக்கம். அவன் கையில் இருந்தது, யாரோ நண்பன் இரவல் கொடுத்த அழகான துப்பாக்கி. நாலாவது குண்டு வெடிக்கவில்லை. என்ன ஆச்சு என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்தான் மடையன். மகள் முகத்தைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தான்.

அந்த நெவெனாவுக்குத்தான் செப்டம்பரில் கல்யாணம். மாப்பிள்ளை ஓக்னென் தங்கமான பையன், பேருந்து ஓட்டுகிறான். சிக்கல் அவன் அப்பன் மிலிசாவ்தான். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு, பிளம் சாராயப் புட்டியும் வெல்வெட் துணி மூட்டையுமாக வந்து இறங்கினார்.

"சம்பந்தியம்மா, கண்ணைத் தொடைச்சுக்கிட்டுப் பாருங்க" என்று மூட்டையை அவிழ்த்தார்.

பழைய ஜெர்மன் துப்பாக்கி. சண்டைக் காலத்தில் அவர் அப்பா ஒரு அதிகாரியிடமிருந்து பறித்தது. கொக்குக் கழுத்து போலக் குழாய், சாய்ந்த கைப்பிடி, மேலே முழங்கால் மாதிரி மடங்கும் பூட்டு. அதை உச்சி முதல் உள்ளங்கால் வரை நிக்கல் பூசிப் பளபளவென்று ஆக்கி வைத்திருந்தார். கைப்பிடியில் முத்துச் சிப்பி வேறு. வுகோசவா முற்றத்து ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"ஓக்னென் இதாலதான் ஆப்பிளைச் சுடப் போறான்" என்றார் மிலிசாவ்.

பெண் வீட்டார் உயரமான கம்பத்தின் உச்சியில் ஆப்பிளைக் கட்டித் தொங்கவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் அதைச் சுட்டு வீழ்த்தினால்தான் பெண் வாசலைத் தாண்டுவாள். அதுவரை உள்ளேயே இருக்க வேண்டியதுதான்.

வுகோசவா துப்பாக்கியைக் கையில் வாங்கினாள். குண்டு இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டாள். பூட்டை மேலே இழுத்து விட்டாள். 'டக்' என்று மூடியது. மூடியவுடனே, யாரும் விசையைத் தொடாமலே, உள்ளே 'டிக்' என்று மெல்லிசாக இன்னொரு சத்தம். நல்ல காதைத் திருப்பி வைத்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். டக், டிக். அந்த 'டிக்'கைக் கேட்டால் சோதனை அறையில் துப்பாக்கியை அப்படியே குப்பைப் பெட்டியில் வீசுவார்கள்.

"யார் பூசினது?"

"பக்கத்து ஊர்ல பைக் சைலன்சருக்கு நிக்கல் போடுற பையன். உள் சாமானையும் கழட்டி ஒண்ணுவிடாமப் பூசச் சொன்னேன். கல்யாணத்துக்குப் பாதி மினுக்கிட்டுப் போக முடியுமா?"

"நாசமாப் போச்சு. குண்டைக் குத்துற ஊசியைப் புடிச்சு நிறுத்துற கொக்கிக்கும் பூசியிருக்கான் சம்பந்தி. வழுக்குது, நிக்க மாட்டேங்குது. குண்டைப் போட்டு மூடினா தானாவே வெடிக்கும்."

மிலிசாவின் முகம் சுண்டிப்போயிற்று. "எண்பது வருஷமா எங்க வீட்ல இருக்குற சாமான். எங்கப்பன் பேரு இதுலதான் நிக்குது. உங்களுக்குத் துப்பாக்கின்னாலே ஆகாதுன்னு ஊரே சொல்லுது. அந்தக் கோவத்தை எங்கப்பன் மேல காட்டாதீங்க." புட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று நெவெனா அழுதுவிட்டாள். "யார் வீட்டுக் கல்யாணமானாலும் அப்பா கதையை எடுத்து வெச்சு எல்லாரையும் முகம் சுளிக்க வெக்கிற. என் கல்யாணத்துலயாவது வாயை மூடிக்கிட்டு இரேன்மா. மாமனார் கோவிச்சுக்கிட்டுக் கல்யாணத்தை நிறுத்திட்டா நான் என்ன செய்வேன்?"

"சரி" என்றாள் வுகோசவா. மகளுக்காக அப்படியொரு சத்தியம் செய்துவிட்டு, ராத்திரி முழுக்கப் புரண்டாள்.

சனிக்கிழமை. ஊதுகொம்புக்காரர்கள் தெருவையே கிழித்தார்கள். முற்றம் கொள்ளாத கூட்டம். கம்பத்தின் உச்சியில் சிவப்பு ஆப்பிள் ஆடியது. முதல் மாடி ஜன்னலில் நெவெனா வெள்ளை உடுப்பில் நின்று கீழே பார்த்துச் சிரித்தாள். மிலிசாவ் வெல்வெட்டை விரித்து, கூட்டம் முழுக்கச் சுற்றிக் காட்டினார். "என்ன அழகு, என்ன அழகு" என்று ஆளாளுக்கு நாக்கைச் சப்புக்கொட்டினார்கள். த்ராகிஷா முத்தமே கொடுத்தான். தூ!

வுகோசவா பல்லைக் கடித்துக்கொண்டு சாராயம் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே பார்த்தாள். ஓக்னென் துப்பாக்கியை வாங்கிக் குண்டுகளைச் செருகினான். பூட்டின் மேல் விரலை வைத்தான். எல்லா ஆண்பிள்ளைகளும் செய்வதைத்தான் அவனும் செய்தான். கல்யாணப் பெண் பார்க்கிறாளா என்று தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துச் சிரித்தான். தலையோடு கையும் திரும்பியது. குழாய் ஜன்னலை நோக்கி நின்றது.

புட்டி கீழே விழுந்து உடைந்தது. சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது!

"கையை இறக்குடா!"

கொம்புகள் நின்றன. அவன் கையை அவளே பிடித்துத் தரையைப் பார்க்கத் திருப்பினாள். மேலே நெவெனா முகத்தை மூடிக்கொண்டாள்.

"வந்துட்டாங்கப்பா, மங்களம் பாட!" என்றார் மிலிசாவ். "எங்க மானத்தை வாங்கணும்னே இருக்கீங்களா? கெளம்புங்கடா எல்லாரும்!"

"கெளம்புறதுக்கு முன்னால ஒரே ஒரு சோதனை சம்பந்தி. நான் சொன்னது பொய்யின்னா, இத்தனை பேர் முன்னாடி முட்டி போட்டு இந்தச் சனியனுக்கு நானும் முத்தம் குடுக்குறேன்."

கூட்டம் ஹோ என்றது. வுகோசவா முட்டி போடுவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது! "நெசமாயிருந்தா?" என்று ஒருவன் கேட்டான்.

"நெசமாயிருந்தா, அது எங்க போகணுமோ அங்க போகணும்." கொல்லைப்புறத்து மரக் கக்கூஸைக் கையால் காட்டினாள்.

மிலிசாவால் பின்வாங்க முடியவில்லை. தலையை ஆட்டினார். சுவரோரம் கொத்தனார் விட்டுப்போன மணல் மேடு இருந்தது. அங்கிருந்தவர்களை விலக்கிவிட்டு, ஓக்னெனிடமிருந்து துப்பாக்கியை வாங்கி, குழாயை மணலுக்கு நேராகச் சாய்த்து, விசைப்பக்கம் விரலே போகாதபடி பிடித்து, எல்லாரும் பார்க்கப் பூட்டை இழுத்தாள். விட்டாள்.

வெடித்தது.

மணல் சிதறி முன்வரிசையின் கோட்டுகளில் விழுந்தது. ஓக்னென் தன் கையைப் பார்த்தான், பிறகு ஜன்னலைப் பார்த்தான். அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போய் வாந்தியெடுத்தான்.

வுகோசவா மிச்சக் குண்டுகளை உருவிப் பையில் போட்டுக்கொண்டாள். காலித் துப்பாக்கியை மிலிசாவிடம் நீட்டினாள். "எண்பது வருஷத்துல எத்தனை தடவை சுட்டீங்க சம்பந்தி?"

அவர் அதை வாங்கிக்கொண்டார். "ஒரு தடவைகூட இல்லம்மா. எங்கப்பனும் சுடல. எடுத்துத் தொடைப்போம், பாப்போம், திரும்ப வெப்போம்."

"தங்க ஊசின்னா கண்ணுல குத்திக்குவீங்களா? ஒருத்தன் அப்படித்தான் குழாய்க்குள்ள பாத்தான். இருபத்தொம்பது வருஷமா எங்க சாப்பாட்டு மேஜைல ஒரு நாற்காலி காலியாத்தான் இருக்கு."

மிலிசாவ் கொல்லைப்புறம் நடந்தார். யாரும் கூடப் போகவில்லை. கதவு கிரீச்சிட்டது. கனமான எதுவோ சேற்றில் விழுகிற சத்தம், இடது காது போன வுகோசவாவுக்கும் கேட்டது. வெல்வெட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது.

நெவெனா யாரும் அழைக்காமலே படியிறங்கி வாசலுக்கு வந்துவிட்டாள். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கறி ஆறிக்கொண்டிருந்தது. கொம்புக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். த்ராகிஷாவுக்கு மட்டும் வாய் நிற்கவில்லை. "அக்கா, ஆப்பிள் அப்படியே இருக்கே. சுடாம எப்படிப் பொண்ணு வாசல் தாண்டுறது? என்கிட்ட ஒண்ணு இருக்கு, வேணும்னா..." என்று இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனான்.

வுகோசவா அவன் காலடியில் காறித் துப்பினாள். மகளின் கையைப் பிடித்து வாசலைத் தாண்டி நடத்திக்கொண்டு போய் ஓக்னெனிடம் ஒப்படைத்தாள். பிறகுதான் கம்பத்து உச்சியில் ஆடிய ஆப்பிளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அழுகட்டும்டா. தானா விழும்."