அம்மா உட்காராத மறியல்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஃப்ரிட்ஜில் உறைந்திருந்த பனியைக் கரைத்தது. பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். தெர்மோஸ்டாட் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று நான் சொன்னேன். அம்மா கரண்டிக் காம்பால் பனியைக் குத்தினாள். குத்தினால் குழாய் ஓட்டையாகிவிடும், கேஸ் போய்விடும் என்றேன்.

"நீ படிச்சதெல்லாம் இந்த ஃப்ரிட்ஜுக்குத் தெரியாதுளா" என்று சொல்லிவிட்டு மறுபடி குத்தினாள்.

தரையில் ஓடிய தண்ணீரை நான் பழைய துணியால் ஒற்றி எடுத்தேன். பனிக்குள் புதைந்து கிடந்த ஒரு பொட்டலம் வெளியே வந்தது. என்ன மீன், எப்போது வாங்கியது என்று இருவருக்கும் தெரியவில்லை. பூனைக்குப் போட்டோம். அது மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அம்மா வெகுநேரம் சிரித்தாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. வேலை நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துவிட்டாள். வயது ஐம்பத்தொன்று.

பெயர் விஜிலா. தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க். உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் அதன் கதவிலுள்ள சீல் நம்பரையும் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து அனுப்புவாள். பார்ப்பதற்குச் சாதாரண வேலை. அதை அவள் பிடுங்கித்தான் வாங்கினாள். அந்தக் கதையை எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் மணப்பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கடற்கரை ஊர். அப்பா பெயர் வளன். நான் ஐந்தாவது படிக்கும்போது மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார். அதன்பின் அம்மா மஸ்கட்டுக்குப் போனாள். ஒரு ஆஸ்பத்திரி ஸ்டோரில் வேலை. மருந்துப் பெட்டிகளை எண்ணி கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். என்னை வளர்த்தது அப்பாவின் அக்கா, ஜெபகனி அத்தை. அம்மாவை நான் ஃபோன் திரையில்தான் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவாள். அவள் முகம் எனக்குப் பழகுவதற்குள் திரும்பிப் போய்விடுவாள்.

நான் என்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும்போது காண்ட்ராக்ட் முடிந்து வந்தாள். மஸ்கட்காரர்கள் மறுபடி கூப்பிட்டார்கள். இங்கேயே வேலை கிடைத்தால் போகமாட்டேன் என்றாள். யார்டில் இன்டர்வியூ நடந்தது. எச்ஆர் ஷாம் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அம்மாவின் ஸ்டோர் அனுபவம் அவருக்குப் பிடித்துவிட்டது. வெரிஃபிகேஷன் மட்டும் முடியட்டும் மேடம், அடுத்த வாரம் சேர்ந்துவிடலாம் என்றார்.

அடுத்த வாரம் ஷாம் எங்கள் இருவரையும் கூப்பிட்டு ஸ்க்ரீனைக் காட்டினார். ஆட்களின் பின்னணியைச் சரிபார்க்கும் கம்பெனி அனுப்பிய அறிக்கை. படிப்பு பச்சை. முகவரி பச்சை. கடைசி வரி சிவப்பு. விஜிலா, கணவர் பெயர் வளன், எங்கள் ஊர், எங்கள் தெரு. 2014இல் சாலை மறியல் வழக்கு. நிலுவையில் உள்ளது. தலைமறைவு.

அம்மா அந்த வார்த்தையை இரண்டு தடவை படித்தாள்.

"தலைமறைவா? வாராவாரம் எம்மவகிட்ட வீடியோல பேசுனவ எப்படி சார் தலைமறைவு?"

"எனக்குப் புரியுது மேடம். ஆனா சிவப்பு இருந்தா சிஸ்டம் ஆஃபர் லெட்டரையே எடுக்காது. கோர்ட் ரெக்கார்டுல இருக்கறதத்தான் அவங்க எழுதுவாங்க. அங்க மாறுனா இங்கயும் மாறும்."

"எத்தன நாளு இந்த எடத்த வச்சிருப்பீங்க?"

"ரெண்டு மாசம் பாக்கறேன் மேடம்."

வேறு யாரோ ஒரு விஜிலாவாக இருக்கும் என்று நான் நினைத்தேன். பஸ்ஸில் வரும்போதே கோர்ட் இணையதளத்தில் வழக்கைத் தேடி எடுத்துவிட்டேன். குடிதண்ணீர் கேட்டு எங்கள் ஊர்ப் பெண்கள் நடத்திய மறியல். குற்றம் சாட்டப்பட்டவர்கள் பதினொரு பேர். பெயர்களைப் படிக்கப் படிக்க எனக்கு விளங்கியது. மஸ்கட், குவைத், பஹ்ரைன், சிங்கப்பூர். அன்றைக்கு ஒருத்திகூட ஊரில் இல்லை.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது தகராறு நடந்து போலீஸ் பெயர் கேட்டால், கப்பலுக்குப் போயிருக்கும் ஆண்களின் பெயர்களை ஊர்க் கமிட்டி எழுதிக் கொடுத்துவிடும். நடுக்கடலில் போய் யார் பிடிப்பார்கள்? அவன் திரும்பி வருவதற்குள் எல்லாம் அடங்கிவிடும் என்று கணக்கு. கோர்ட் வழக்குகள் இணையத்தில் ஏறும் என்றோ, வேலை கொடுப்பவன் அதைத் தேடிப் பார்ப்பான் என்றோ யாரும் நினைக்கவில்லை. பெண்கள் மறியல் செய்தபோது பெண்களும் அதையே செய்திருக்கிறார்கள்.

அத்தை முற்றத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். மாதர் சங்கத்துக்கு அப்போதும் இப்போதும் அவள்தான் தலைவி. அம்மா நேராகக் கேட்டாள். அத்தை கையை நிறுத்தாமல் பதில் சொன்னாள்.

"நாந்தான் குடுத்தேன். பத்துப் பேராவது வேணும்னு ஏட்டு நின்னான். பிள்ளை பெத்துக் கிடந்தவளையும் சீக்காளியையும் காட்டிக் குடுக்க முடியுமா? நீ மஸ்கட்ல ஏசிக்குள்ள இருக்க. உன்ன எவன் வந்து பிடிப்பான்?"

"அதுக்கு எம்பேரா மைனி கெடச்சுது?"

"ஏன், ஊரே போராடுது. நம்ம வீட்டுப் பேரு இல்லன்னா நாளைக்கு எவளாவது கேக்கமாட்டா? ஒனக்கு மொத எடம் போடச் சொன்னேன்ளா."

உண்மைதான். பட்டியலில் அம்மா பெயர்தான் முதலில் இருந்தது.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பன், ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக்காரர். அம்மாவின் பாஸ்போர்ட்டைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். மறியல் நடந்த மாதத்தில் அவள் மஸ்கட்டில் இருந்தது முத்திரையில் தெளிவாக இருந்தது.

"உங்களப் பாத்ததா அன்னைக்கு இருந்த ஏட்டு எழுதியிருக்காரு. நீங்க இல்லன்னா அவரு பாத்தது யாரம்மா?"

"அத அவருகிட்டத்தான் சார் கேக்கணும்."

"அவரு ரிட்டையர் ஆயி செத்தும் போயிட்டாரு." ஃபைலை மூடினார். "நான் சொல்லுதத கேளுங்க. பெட்டி கேஸு. கோர்ட்ல போயி ஆமான்னு ஒத்துக்கிட்டு அபராதத்தக் கட்டுங்க. சாயந்திரத்துக்குள்ள வீட்டுக்குப் போயிரலாம். இந்த மாதிரி கேஸுல எல்லாரும் அப்படித்தான் செய்தாவ."

ஒத்துக்கொண்டால் அது தண்டனையாகப் பதிவாகும். வழக்கு முடியும், சிவப்பு மாறாது. நான் குறுக்கே பேசி அதைச் சொன்னேன். அம்மா வேறு ஒன்றைச் சொன்னாள்.

"தண்ணிக்கு ரோட்டுல உக்காந்தா அதுல கேவலம் ஒண்ணும் இல்ல சார். ஊர்ல இருந்திருந்தா நானும் உக்காந்திருப்பேன். இல்லாத அன்னைக்கு உக்காந்தேன்னு என் வாயால சொல்லமாட்டேன்."

"அப்ப அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு யாராவது வந்து எழுதித் தரணும். அத வச்சுத்தான் நான் கோர்ட்டுக்கு ரிப்போர்ட் போட முடியும்."

அந்த யாராவது ஒரே ஒருத்திதான். அத்தை முடியாது என்றாள். பொய்ப் பெயர் கொடுத்தேன் என்று அவள் எழுதிக் கொடுத்தால் அவள் மேல் வழக்கு வரலாம். உட்கார்ந்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். ஊரில் பாதிப் பெண்கள் மாட்டுவார்கள்.

"உள்ள வச்சுட்டான்னா என்னளா செய்ய?"

"நான் சோறு கொண்டாரேன் மைனி."

"ஒன் சோத்துக்கு ஜெயிலு சோறே தேவல."

பேச்சு அதோடு நின்றது. ஒரு மாதம் ஓடியது. அம்மா வாரம் ஒருநாள் யார்டுக்குப் போய் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வருவாள். ஷாம் இருக்கிறது என்பார். மஸ்கட்டிலிருந்து டிக்கெட் போடவா என்று கேட்டார்கள். அம்மா பரண் மேலிருந்த சூட்கேஸை இறக்கித் துடைத்தாள். சக்கரம் ஒன்று இறுகியிருந்தது. நான் எண்ணெய் விட்டேன். அத்தை வாசலில் நின்று அதைப் பார்த்தாள்.

"என்னளா இது?"

அம்மா சூட்கேஸிலிருந்து தலையைத் தூக்காமலே பேசினாள்.

"ஸ்டெபிய நீங்க வளத்தீங்க மைனி. அவ வயசுக்கு வந்தது, பரீட்சை எழுதுனது, காய்ச்சல்ல கெடந்தது, எல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் ஃபோன்ல பாத்தேன். நீங்க எம்பேர குடுத்ததுல எனக்குக் கோவம் இல்ல. நீங்க உக்காந்து வாங்குன குழாத் தண்ணிய நானுந்தான் குடிக்கேன். மிச்சத்தயாவது பக்கத்துல இருந்து பாக்கலாம்னு வந்தேன். அவ்வளவுதான்."

அத்தை லேஞ்சியால் மூக்கைத் துடைத்தாள். வெளியே போனாள். அன்று முழுக்க அவள் வீட்டுக்கு வரவில்லை.

மறுநாள் காலை வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றது. உள்ளே முழுக்கப் பெண்கள். எல்லாரும் கோயில் திருவிழாவுக்குக் கட்டும் பட்டில் இருந்தார்கள். முன் சீட்டில் அத்தை.

"எதுக்கு மைனி பட்டு?"

"ஸ்டேஷன்ல போட்டோ எடுப்பான்லா. ஏறு."

இத்தனை பெண்கள் ஒன்றாக இறங்கியதும் ஸ்டேஷனில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஆவுடையப்பன் வெளியே வந்தார். அத்தை கும்பிட்டாள்.

"சார், விஜிலா பேர குடுத்தது நான். ரோட்டுல உக்காந்தது நாங்க. எழுதிக்கிடுங்க."

"எத்தன பேரும்மா?"

"எண்ணிப் பாருங்க. அன்னைக்கு உக்காந்த மாதிரியே உக்காந்து காட்டுதோம்."

யாரும் எதிர்பார்க்கவில்லை. ஸ்டேஷன் முற்றத்து வேப்ப மரத்தடியில் அவர்கள் வரிசை வரிசையாக உட்கார ஆரம்பித்தார்கள். முன்வரிசையில் யார், ஓரத்தில் யார் என்று சண்டை வந்தது.

"நீ எங்க முன்னால இருந்த? போலீஸ் வண்டி வந்ததும் பின்னால ஓடுனவதான நீ."

"ஓடலக்கா. ஒண்ணுக்குப் போனேன்."

"ஏ, அங்கன தள்ளி உக்காரு. அது பால்வண்டி நின்ன எடம்."

ஒருத்தி தன் மகனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அன்று அவன் வயிற்றில் இருந்தானாம். கணக்குச் சரியாக வர வேண்டும் என்றாள். அத்தை கடைசியாக நடுவில் போய் உட்கார்ந்தாள்.

"பாத்துக்கிடுங்க சார். இதுல விஜிலாவுக்கு ஒரு எடம் இருக்கா?"

அம்மா வெளியே, கேட்டுக்குப் பக்கத்தில் என்னோடு நின்றுகொண்டிருந்தாள். ஆவுடையப்பன் அவளைப் பார்த்தார். உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியதிலிருந்து சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"இப்ப உங்க எல்லாத்தயும் நான் கேஸ்ல சேக்கணுமாம்மா?"

"சேருங்க. இவள எடுத்துட்டுச் சேருங்க."

"எந்திரிங்கம்மா. டீ சொல்லுதேன். ஒவ்வொருத்தரா வந்து எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார்கள். இத்தனை வருடம் கழித்து அவர்கள் மேல் புதிதாக வழக்கு எடுக்க முடியாது என்று அரசு வக்கீல் சொல்லிவிட்டார். அத்தைக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆவுடையப்பன் ரிப்போர்ட் போட்டார். கோர்ட்டில் அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். மாஜிஸ்திரேட் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், வாக்குமூலங்களைப் பார்த்தார், விடுவித்தார்.

அதன் பிறகும் சிவப்பு மாறவில்லை. சரிபார்க்கும் கம்பெனி பழைய தகவலையே காட்டியது. உத்தரவின் நகலோடு நான் அவர்களுக்கு மெயில் போட்டேன். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. அதே பதில் மறுபடி வந்தது. மூன்றாவது மெயிலில், எந்தத் தேதியில் கோர்ட் தளத்தைப் பார்த்தீர்கள், அதன் படத்தை அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டேன். இரண்டு மாதம் முடிய இரண்டு நாள் இருந்தபோது ஷாமிடமிருந்து ஃபோன் வந்தது.

"மேடம், பச்சை வந்துடுச்சு."

அம்மா நம்பவில்லை. தூத்துக்குடிக்கு பஸ் ஏறிப் போய், ஸ்க்ரீனைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, கடைசி வரியை விரல் வைத்துப் படித்தாள். அப்புறம்தான் உட்கார்ந்தாள். அன்று ஊருக்குத் திரும்பும்போது மக்ரோன் டப்பா டப்பாவாக வாங்கினாள். வேனில் வந்த ஒவ்வொருத்தி வீட்டுக்கும் நானும் அவளும் நடந்து போய்க் கொடுத்தோம். சூட்கேஸில் அத்தை கருவாடு கட்டி வைத்தாள். அதன் பிறகு அது எங்கும் போகவில்லை.

யார்டில் ஆறு வருடத்துக்கு மேல் வேலை செய்தாள். தூத்துக்குடியில் வீடு எடுத்தோம். நான் வேலைக்குச் சேர்ந்தது, ராஜினாமா செய்தது, மறுபடி சேர்ந்தது, எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தாள். எல்லாவற்றுக்கும் திட்டினாள்.

அவள் விஷயம் ஊருக்குள் பரவியது. வெரிஃபிகேஷனில் சிவப்பு வந்தவர்கள் வீடு தேடி வந்தார்கள். ஒருவனுக்கு, அப்படி ஒரு மாணவனே படிக்கவில்லை என்று காலேஜ் சொல்லியிருந்தது. இன்னொருவன் அதே பெயருள்ள வேறு ஒருவனின் அடிதடி வழக்கைச் சுமந்துகொண்டிருந்தான். அம்மா எல்லாரிடமும் முதலில் ஒன்றைத்தான் கேட்பாள்.

"ஒத்துக்கிட்டியா?"

இல்லை என்றால் காபி கொடுப்பாள். ஆமாம் என்றால் திட்டிவிட்டுக் காபி கொடுப்பாள்.

மறியல் வழக்கில் இருந்த மற்றவர்களையும் ஊருக்கு வர வர ஒவ்வொருவராகக் கூட்டிப் போய் விடுவித்தாள். அவளை அடக்கம் செய்த அன்று அத்தனை பேரும் வந்தார்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது ஜெபகனி அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வாசல் வரை வந்ததும், "அனுஜா விஷயத்துக்கு வேன் சொல்லட்டாளா?" என்று கேட்டாள்.

பதினொரு பேரில் பாக்கி அனுஜா ஒருத்திதான். போன மாதம் குவைத்திலிருந்து வந்திருக்கிறாள். ஒரு ஷிப்பிங் ஆபீஸில் வேலை கிடைத்து, சிவப்பில் நிற்கிறது. வியாழக்கிழமை அவளோடு ஸ்டேஷனுக்குப் போவதாக அம்மா சொல்லியிருந்தாள். அவளுடைய பாஸ்போர்ட் அம்மாவின் கைப்பையில் இருக்கிறது. முத்திரை விழுந்த பக்கங்களை எல்லாம் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும், யார்டு முக்குக் கடையில் எடுத்துவிடுகிறேன் என்று திங்கட்கிழமை சொன்னாள்.

எடுக்கவில்லை.