வடக்கு யன்னல்: கூமாவின் குளிர்காலத்தில் நான்கு நாட்கள்

2008 ஜூலை 18, வெள்ளிக்கிழமை காலை 9.15க்கு நாங்கள் மூவர் சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து காரில் புறப்பட்டோம்: என் தங்கை கௌரி, அவளுடைய கணவர் நந்தன், நான். நந்தன் மருத்துவர். சிட்னிக்குத் தெற்கே, மொனாரோ மேட்டுநிலத்தில் உள்ள கூமா என்ற ஊரின் மருத்துவமனையில் அவருக்கு மூன்று வருட வேலை ஒன்று கிடைத்திருந்தது. வீடும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். கௌரியோ சிட்னியின் குளிரையே போர்வைக்குள் இருந்து கழிப்பவள். அவள் மறுத்தால் நந்தன் தனியே போவார். மூன்று வருடமும் வார இறுதிகளில் மட்டுமே இருவரும் ஒன்றாக இருக்கலாம்.

ஒப்பந்தத்தை வாசித்துப் பார்க்கத்தான் முதலில் என்னைக் கேட்டார்கள். நான் வழக்கறிஞன், வீடு, காணி விற்பனைப் பத்திரங்களே என் தொழில். நந்தன் நேர்முகத் தேர்வுக்காக ஏப்ரலில், இலையுதிர்காலத்தில், அங்கு போனபோது எடுத்த படங்களை மனைவிக்குக் காட்டியிருந்தார். மஞ்சள் இலைகள், நீல வானம். நல்ல பருவத்தை மட்டும் காட்டுவது முழுமையான வெளிப்படுத்தல் ஆகாது என்று நான் கருதினேன். ஓர் ஊரை அதன் மோசமான மாதத்தில் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும் என்றேன்.

"மச்சான், நீங்கள் ஆரின்ரை பக்கம்?" என்று நந்தன் கேட்டார்.

"நான் பத்திரத்தின்ரை பக்கம்," என்றேன்.

கோல்பேர்னில் 11.20க்குத் தேநீர். அதைக் கடந்தால் வரைபடத்தில் ஜோர்ஜ் ஏரி என்று இருக்கிறது. நாங்கள் பார்த்தபோது ஏரியில் நீர் இல்லை, செம்மறிகள் மேய்ந்தன. கன்பராவைத் தாண்டி மொனாரோ நெடுஞ்சாலையில் போகப் போக மரங்கள் குறைந்து, வெளிறிய புல்லும் பாறையும் மட்டும் எஞ்சின. "இதென்ன, இஞ்சை மரமெல்லாம் ஆர் வெட்டினது?" என்றாள் கௌரி. 2.25க்குக் கூமாவை அடைந்தோம், 391 கிலோமீற்றர். மோட்டலில் ஓர் அறைக்கு இரவொன்றுக்கு 95 டொலர். நான்கு மணிக்கு வெயிலில் மேலங்கி தேவைப்படவில்லை. சூரியன் மறைந்த அரை மணி நேரத்தில் இரண்டு மேலங்கிகளும் போதவில்லை.

சனிக்கிழமை காலை நடந்ததை மறைக்காமல் பதிவு செய்கிறேன். 7.10க்கு வெளியே வந்தேன். காரின் முன்கண்ணாடி முழுவதும் வெள்ளையாக உறைந்திருந்தது. அறைக்குள் போய்க் கெட்டிலில் நீர் கொதிக்கவைத்து வந்து கண்ணாடியில் ஊற்றினேன். பனி உடனே கரைந்தது. அடுத்த கணம் டக் என்றொரு சத்தம். இடது மூலையிலிருந்து வலது பக்கம் வரை ஒரு வெடிப்பு ஓடியது.

"அண்ணை, கண்ணாடிக்கும் தேத்தண்ணி போட்டுக் குடுத்தனீங்களோ?" என்று கௌரி வாசலில் நின்று கேட்டாள்.

கராஜ்காரர் வெடிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சிட்னியா?" என்றார். ஆம் என்றேன். அதற்கு மேல் அவர் விசாரணை நடத்தவில்லை. கண்ணாடி கன்பராவிலிருந்து திங்கள் காலைதான் வரும். பொருத்துவதற்கும் சேர்த்து 340 டொலர். ஞாயிறன்று திரும்பும் திட்டம் அத்துடன் முடிந்தது.

அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு, தருவதாகச் சொன்ன வீட்டைப் பார்க்க நடந்து போனோம். விசாலமான வீடு. ஆனால் வரவேற்பறையும் படுக்கையறைகளும் தெற்கு நோக்கியவை. வடக்கே சுவரோடு சுவராகக் கார்க் கொட்டகை. முற்றத்துப் புல்லில் காலை விழுந்த உறைபனி அப்போதும் கரையாமல் இருந்தது.

"இஞ்சருங்கோ, ரண்டு மணிக்கும் வெள்ளையாக் கிடக்கு," என்றாள் கௌரி. "நீங்கள் போங்கோ. நான் வரேல்லை."

அன்றைய இரவுச் சாப்பாட்டில் உப்பைத் தருமாறு கேட்டதைத் தவிர மூவரும் பேசவில்லை.

ஞாயிறு காலை மோட்டல் உரிமையாளர் டோரத்தி, அறுபதைக் கடந்த பெண்மணி, கொல்லையில் துணி காயப்போட்டார். அவர் போட்ட படுக்கை விரிப்புகள் சற்று நேரத்தில் பலகைபோல் விறைத்தன. கௌரி அதைப் பார்த்துச் சிரித்தாள். பதினொரு மணிக்கு அவை விறைப்பு நீங்கிக் காற்றில் ஆடின. ஒரு மணிக்கு டோரத்தி மடித்து எடுத்தார். "எங்கடை வீட்டிலை ஜூலையிலை காய ரண்டு நாள் செல்லும்," என்றாள் கௌரி, நம்பாமல்.

டோரத்தி அவளைத் தம் வரவேற்பறைக்கு அழைத்தார், நாங்களும் பின்னால் போனோம். அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சுருக்கம் இது: இங்கு வானம் தெளிவாக இருப்பதால்தான் இரவில் உறைகிறது, அதே காரணத்தால்தான் பகலில் வெயில். குளிர்காலத்தைவிட வசந்தத்தின் காற்றுக்கே பயப்பட வேண்டும். நவம்பர் பிறக்குமுன் தக்காளி நடக்கூடாது. கோடையில் பகல் சுடும், இரவில் போர்வை வேண்டும். இலையுதிர்காலத்துக்கு ஒரு குறையும் இல்லை. குளிர்காலத்துச் சூரியன் வடக்கே தாழ்வாகப் போவதால் வடக்கு யன்னல் இல்லாத வீட்டில் எந்த ஹீற்றராலும் பயனில்லை.

கௌரி ஒரு கதிரையை வடக்கு யன்னலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் மேலங்கியைக் கழற்றினாள், பிறகு கம்பளிச் சட்டையை. அரை மணி நேரத்தில் உறங்கிவிட்டாள். நந்தன் வாசலிலேயே அசையாமல் நின்றார்.

எழுந்ததும் என்னிடம் கேட்டாள்: "அண்ணை, வேறை வீடு தரச் சொல்லிக் கேக்கலாமோ?"

"கேக்கலாம். எழுத்திலை கேக்க வேணும்."

"அப்ப எழுதுங்கோ. வடக்குப் பக்கம் யன்னல். இல்லாட்டி நான் இல்லை."

திங்கள் ஒன்பது மணிக்கு ஒரு பத்திச் சேர்க்கையுடன் ஒப்பந்தத்தை மருத்துவமனைக்குத் தொலைநகலில் அனுப்பினேன்: தரப்படும் வீட்டின் பிரதான அறை வடக்கு நோக்கியதாகவும், நண்பகலில் நேரடி வெயில் பெறுவதாகவும் இருக்க வேண்டும். பத்தரைக்குக் கண்ணாடி வந்தது. பன்னிரண்டுக்குப் பொருத்தி முடித்தார்கள். மருத்துவமனையிடமிருந்து பதில் இல்லை. நாங்கள் புறப்படாமல் காத்திருந்தோம். 3.40க்கு நிர்வாகி அழைத்தார். வடக்குப் பார்த்த வீடு ஒன்று உண்டு, ஆனால் ஓர் அறை குறைவு என்றார். நந்தன் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"அறை குறைஞ்சால் கூட்டித் துடைக்கிறதும் குறையுந்தானே," என்றாள் கௌரி. நந்தன் 4.15க்குக் கையொப்பமிட்டார்.

இதை எழுதுவது 2009 ஜூலையில். இப்படியான வேலைகளை ஏற்க எண்ணுவோருக்கு என் ஆலோசனை: ஊரை ஜூலையில் பாருங்கள், வீட்டை நண்பகலில் பாருங்கள், வாக்குறுதி எதுவானாலும் எழுத்தில் பெறுங்கள். நிழல் விழும் பாலங்களில் காலை ஒன்பதுக்கு முன் மெதுவாக ஓட்டுங்கள். பனிமலைப் பூங்காவுக்குள் போவதானால் பனியில் வழுக்காமல் சக்கரத்தில் மாட்டும் சங்கிலி பற்றிய விதியை முன்கூட்டியே விசாரியுங்கள். உறைந்த கண்ணாடியைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டினால் போதும்.

சென்ற வாரம் மறுபடியும் கூமாவுக்கு, அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வடக்கு யன்னலருகே கௌரி அதே மாதிரி ஒரு கதிரை போட்டிருக்கிறாள். காலையில் தேநீர் போடலாமென்று குசினிக்குப் போனேன். கெட்டிலைக் காணவில்லை.

"நீங்கள் இருங்கோ அண்ணை," என்றாள் கௌரி, "தேத்தண்ணி நான் போட்டுத் தாறன். கார் வெளியிலை நிக்குது."