டயர் கொட்டகை பெஞ்ச்

டைம் கீப்பரின் ஜன்னலுக்கு எதிரே இரண்டு மரப்பெஞ்சுகள் கிடந்தன. ஸ்பேர் ஆட்கள் உட்காருவதற்கு. காலையில் வரவேண்டிய டிரைவரோ கண்டக்டரோ வராமல் போனால் அந்த பஸ்ஸை எடுக்க ஆள் வேண்டும். அதற்காகத் தினமும் ஏழெட்டுப் பேரை டிப்போவில் உட்காரவைத்திருந்தார்கள். சும்மா இருப்பதுதான் அவர்கள் வேலை. அந்த வேலையை அவர்கள் வாயால் செய்தார்கள்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் பத்தொன்பது வருஷம் கண்டக்டராக ஓடுகிற வண்டியில் நின்று முழங்கால் தேய்ந்தவர். டாக்டர் சான்றிதழைக் காட்டி, கையைக் காலைப் பிடித்து, நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்த நாற்காலியைப் பிடித்தார். வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்குவது, வராதவர்களுக்குப் பதில் ஆள் போடுவது, எந்த வண்டி எத்தனை மணிக்கு கேட்டைத் தாண்டியது என்று எழுதுவது. உட்கார்ந்தே செய்யலாம். பெஞ்சில் இருந்தவர்கள் அவருக்கு முள்ளு என்று பெயர் வைத்திருந்தார்கள். கடிகாரத்தின் சின்ன முள், நகர்வதே தெரியாது. பெயர் வைத்தவன் ஒரு டிரைவர். அவனுக்குப் பெயர் ஹாரன். குரல் அப்படி.

"முள்ளு எழுந்திருச்சு. பாத்ரூம் போகுது. அது திரும்பி வர்றதுக்குள்ள நான் ஒரு டிரிப் அடிச்சிட்டு வந்துடுவேன்."

"ஒர்க்‌ஷாப்புல சொல்லி அந்த முட்டிக்குக் கொஞ்சம் கிரீஸ் வைங்கப்பா."

எல்லாம் ஜன்னல் வழியாகக் கேட்கும். கேட்கவேண்டும் என்றுதான் பேசினார்கள். அவர் தலையை நிமிர்த்தமாட்டார். பேனா மட்டும் அடுத்த பக்கம் வரை அழுந்தும்.

ஒருநாள் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு மாத அறிக்கையை அவர் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"காலை வண்டில முப்பத்தொண்ணு லேட்டு. உங்க ஜன்னல்ல கையெழுத்துப் போட்டவன் வண்டிக்குப் போய்ச் சேரப் பத்து நிமிஷமா?"

"ஸ்பேர் ஆளுங்க பேச்சுக் கொடுத்து நிறுத்திடறாங்க சார்."

"அது உங்க தலைவலி. அடுத்த மாசம் பத்துக்குக் கீழ வரணும். இல்லன்னா பையை மாட்டிக்கிட்டு வண்டி ஏறுங்க. உட்கார எனக்கு வேற ஆள் இருக்கு."

கண்டக்டர் பை அவர் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அன்று சட்டையைக் கழற்றி மாட்டும்போது அதைப் பார்க்காமல் மாட்டினார்.

வீட்டிலும் ஒரு ஸ்பேர் இருந்தான். மனைவியின் தம்பி. அதே டிப்போவில் கண்டக்டர்; அங்கும் பாதி நாள் ஸ்பேர் பெஞ்சில்தான். ஒரு வாரம் தங்குகிறேன் என்று வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஹாலில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் அவன் ஒரு விளையாட்டை ஏற்றினான்; ஒரே மாதத்தில் சலித்து விட்டுவிட்டான். டைம் கீப்பர் பிடித்துக்கொண்டார். மதியம் டியூட்டி முடிந்து வந்து, சாப்பிட்டு, முழங்காலுக்குத் தைலம் தடவி, மாலை வரை அதன் முன்னால் உட்காருவார்.

அந்த விளையாட்டில் ஏழு பேர் ஒரு மாட்டுவண்டியோடு காட்டில் வந்து இறங்குவார்கள். அவர்களை வைத்து ஊர் உண்டாக்கவேண்டும். மரம் வெட்டு, கல் உடை, மூட்டையைக் கிடங்கில் சேர் என்று சொல்லச் சொல்லச் செய்வார்கள். ஊர் வளர வளர ஆளும் வந்து சேரும். அவருடைய ஊரில் இப்போது நாற்பது பேர். ஆனால் தானியம் மட்டும் மழையில் அழுகிக்கொண்டே இருந்தது. கிடங்கு வாசலில் எப்போதும் கூட்டம். மூட்டை சுமக்கிறவன் தலைச்சுமையோடு நின்று கதை கேட்டான்.

காரணத்தை அவர் அந்த வாரம்தான் கண்டுபிடித்தார். வேலை இல்லாதவர்கள் கூடிப் பேச ஓர் இடத்தை நாம்தான் குறித்துக் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் முதல்நாள் வந்து இறங்கிய மாட்டுவண்டியைச் சுற்றியே நிற்பார்கள். அவருடைய மாட்டுவண்டி கிடங்கு வாசலில் நின்றது.

ஊர் மதிலுக்கு வெளியே, சதுப்பு ஓரமாக, ஒரு கட்டம் வரைந்தார். சும்மா நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பிப் போனார்கள். வாசல் காலியானது. மூட்டைகள் உள்ளே போயின. ஒருவனும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டைம் கீப்பர் அந்தக் காலி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி ஆறிப்போயிற்று.

மறுநாள் இரண்டு பெஞ்சையும் தூக்கவைத்தார். டிப்போவின் கடைசியில் டயர் கொட்டகை. அதற்கும் பின்மதிலுக்கும் நடுவில் ஓர் இடம். ஜன்னலிலிருந்து இருநூற்று அறுபது எட்டு. அவரே நடந்து எண்ணினார். ஒவ்வொரு எட்டும் முழங்காலில் தெரிந்தது.

"என்ன சார், எங்களையும் பழைய டயரோட சேர்த்துட்டீங்களா?" என்றான் ஹாரன்.

"மேனேஜர் உத்தரவு."

"மேனேஜருக்கு இந்த மூளை கிடையாது. இது உங்க மூளை."

அடுத்த நாள் காலை பெஞ்சுகள் ஜன்னலுக்கு எதிரே பழைய இடத்தில் கிடந்தன. அவற்றின் மேல் எட்டுப் பேர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். டைம் கீப்பர் கட்டட வேலைக்கு வந்திருந்த கொத்தனாரைப் பிடித்தார். பெஞ்சுகள் மறுபடி கொட்டகைக்குப் பின்னால் போயின. ஒவ்வொரு காலுக்கும் ஒரு முழக் குழி, குழி நிறையச் சிமெண்ட்.

"பின்னாடி மாத்தணும்னா உடைக்கத்தான் வேணும் சார்" என்றார் கொத்தனார்.

"மாத்தவே வேண்டாம்."

ஜன்னல் அமைதியானது. வந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், நேரே வண்டிக்குப் போனார்கள். இரண்டு வாரத்தில் இரண்டே இரண்டு லேட். மேனேஜர் தாண்டிப் போகும்போது, "பரவாயில்லையே" என்றார். நான்கு வருஷத்தில் அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

அந்தச் சந்தோஷத்தில்தான் டைம் கீப்பர் தன் ஊர் ஆட்களுக்குப் பெயர் வைத்தார். விளையாட்டில் அதற்கு இடம் இருந்தது. சதுப்பு ஓரம் நின்றவர்களில் மரம்வெட்டி ஒருவனுக்கு ஹாரன் என்று தட்டினார். மற்றவர்களுக்கும் பெஞ்சில் இருந்தவர்களின் பட்டப்பெயர்களை வரிசையாகக் கொடுத்தார். சதுப்பில் காட்டுப்பன்றி உண்டு. அது அவருக்குத் தெரியும். மூன்றாம் நாள் மதியம் ஒரு பன்றி வந்து ஹாரனைக் குத்திச் சாய்த்தது. டைம் கீப்பர் வாய்விட்டுச் சிரித்தார்.

"என்ன சிரிப்பு?" என்று அடுக்களையிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஒருத்தன் செத்துட்டான்."

சத்தம் கேட்டு மச்சினன் வந்து அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். பெயர்ப்பட்டியலைக் கீழே வரை படித்தான்.

"மாமா, மச்சினன்னு ஒருத்தன் போட்டிருக்கே. அது நானா?"

"வேற யாரு?"

"நான் எதுக்கு சேத்துல நிக்கிறேன்?"

"நீ எங்க நின்னா என்ன? நிக்கத்தானே செய்யற."

மச்சினன் செல்போனை எடுத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த நாள் டிப்போ முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் அவரிடம் சண்டைக்கு வரவில்லை. கையெழுத்துப் போடும்போது பேனாவை மேஜைமேல் வைக்காமல் தரையில் போட்டுவிட்டுப் போனார்கள். அன்று ஒரு கண்டக்டர் வரவில்லை. டைம் கீப்பர் மைக்கில் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். கொட்டகையில் டயருக்குக் காற்றடிக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. செல்போனில் அடித்துப் பார்த்தார். எட்டுப் பேரும் அவருடைய நம்பரைத் தடுத்து வைத்திருந்தார்கள். கடைசியில் எழுந்து நடந்தார். வண்டி பதினான்கு நிமிஷம் லேட்.

"கேக்கல சார்" என்றார்கள். "மிஷின் சத்தம்."

விளையாட்டில் அவர் மைக் பிடித்ததில்லை. மதிலுக்கு வெளியே எத்தனை தூரத்தில் நின்றாலும், வேலை என்று ஒன்று வந்தால் அதற்குரியவன் தானாகக் கிளம்பி வருவான். அது எப்படி அவன் காதுக்குப் போகிறது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று வீட்டில் அவர் மச்சினனின் சட்டையைப் பிடித்தார். மனைவி நடுவில் வந்தாள்.

"போட்டோ எடுத்தது அவன். சரி. சேத்துல நிக்க வச்சது யாரு?"

"உன் தம்பியால என் நாற்காலி போகப்போகுது."

"நாற்காலில உட்கார்ந்து நீங்க பண்ணின வேலைதானே இது?"

மச்சினன் கிழிந்த சட்டைப்பையை நிதானமாகத் தடவிப் பார்த்துவிட்டு டிவியைப் போட்டான்.

பெஞ்சைத் திரும்பக் கொண்டுவர மேனேஜரிடம் கேட்டார். "ஒரே மாசத்துல பதிக்கவும் சொல்வீங்க, உடைக்கவும் சொல்வீங்களா?" என்றார் மேனேஜர். லேட் ஐந்தானது, ஏழானது. மாதத்தின் கடைசி நாள் விடிந்தபோது கணக்கு ஒன்பதில் நின்றது.

அன்று ஐந்து நாற்பது வண்டிக்கு டிரைவர் வரவில்லை. ஸ்பேரில் மற்றவர்கள் எல்லாம் கண்டக்டர்கள். டிரைவர் ஒருவன்தான். டைம் கீப்பர் மைக்கைத் தொடவே இல்லை; நேராக நடந்தார். கொட்டகையைச் சுற்றிப் போனபோது ஐந்து முப்பத்தாறு. ஹாரன் பெஞ்சில் மல்லாந்து படுத்திருந்தான். மற்றவர்கள் கால்மாட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மச்சினனும் இருந்தான்.

"அஞ்சு நாப்பது எடுக்கணும். எழுந்திரு."

ஹாரன் கண்ணைத் திறக்கவில்லை.

"யாரைச் சொல்றாரு?"

"உன்னைத்தான்."

"நான் செத்துட்டேன் சார். பன்னி குத்திடுச்சு. செத்தவன் எப்படி வண்டி ஓட்டுவான்?"

யாரும் சிரிக்கவில்லை. மிஷின் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. மைக்கில் கூப்பிட்டிருந்தால் அன்று எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

"அது விளையாட்டுப்பா."

"எனக்கும் விளையாட்டுதான்."

"உனக்கு மெமோ கொடுப்பேன்."

"கொடுங்க. கூப்பிட்டது கேக்கல, பெஞ்ச் தூரம்னு எழுதித் தர்றேன். எட்டுப் பேரும் கையெழுத்துப் போடுவாங்க."

டைம் கீப்பர் மச்சினனைப் பார்த்தார். அவன் காலடியில் கிடந்த ஒரு நட்டைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தான்.

"என் கால் ஓடுற வண்டில நிக்காதுப்பா" என்றார். குரல் தாழ்ந்துவிட்டது. "உனக்குத் தெரியும்."

ஹாரன் எழுந்து உட்கார்ந்தான். செருப்பைத் தேடினான். ஒரு செருப்பைப் போட்டான். மணியைப் பார்த்தான். பிறகு இன்னொரு செருப்பைப் போட்டான். இருநூற்று அறுபது எட்டையும் அவன் டைம் கீப்பரின் நடையில், ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். ஐந்து நாற்பது வண்டி ஐந்து ஐம்பத்திரண்டுக்கு கேட்டைத் தாண்டியது. டைம் கீப்பர் அதைத் தன் கையால் எழுதினார். பத்தாவது.

ஆணியிலிருந்து பையை மனைவிதான் எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தாள்.

முழங்காலைக் காரணம் காட்டி அவரை ஸ்பேரில் போட்டார்கள். நாற்காலிக்கு ஸ்டோர் பிரிவிலிருந்து ஓர் அம்மா வந்தார். அந்த அம்மா மைக்கில் கூப்பிடுவதில்லை. ஆள் வேண்டுமென்றால் ஹாரனின் செல்போனுக்கு அடிப்பார். அவன் எடுத்துக் கேட்டுவிட்டு உரிய ஆளிடம் தலையை ஆட்டுவான். அந்த ஆள் எழுந்து போவான்.

முதல்நாள் பெஞ்சின் ஓரத்தில் நான்கு விரற்கடை இடம் விட்டிருந்தார்கள். அவர் அதில் ஒருக்களித்து உட்கார்ந்தார். மச்சினன் நகரவில்லை. ஒருமுறை ஹாரனின் போன் அடித்தது. கேட்டான், சரிம்மா என்றான், பையில் போட்டுக்கொண்டான். யாரையும் பார்க்கவில்லை. காற்றடிக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கால் மணி கழித்து ஒரு கிளீனர் காகிதத்தோடு வந்தான். கூப்பிட்டும் டியூட்டிக்கு வராததற்கு விளக்கம் கேட்டு மெமோ. அவர் பெயருக்கு.

"கேக்கலையா சார்?" என்றான் ஹாரன்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு அவர் எழுந்து பெஞ்சின் முனையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். முழங்காலை மதிலில் முட்டுக்கொடுத்து இன்னொரு தடவை இழுத்தார். கொத்தனார் நல்ல வேலைக்காரர்.